மயிலாப்பூரில் கையால் கேட்கக் கற்றேன்

சென்னையில் வந்து இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மயிலாப்பூரில் ஒரு தெருவின் நடுவே நின்று கையிலிருந்த விலாசத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த ரிக்‌ஷாக்காரர் என் முதுகை உரசுவதுபோல வண்டியை நிறுத்தி, "இன்னா நைனா, காது செவுடா? எத்தினி தபா மணி அடிக்கிறது?" என்று கத்தினார். தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஒதுங்கினேன்.  ஒரு வருஷமாக என் மனைவியிடம்கூட நான் சொல்லாத ஒன்றை அந்த மனிதர் நடுத்தெருவில் உரக்கச் சொல்லிவிட்டார்.

எனக்கு ஊர் யாழ்ப்பாணம். வேலை பார்ப்பது இலங்கை மலைச்சாரலில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில். அங்கே இருபத்து நான்கு வருஷமாக நான்தான் டாக்டர். பிரசவம், பாம்புக்கடி, பல் பிடுங்குவது எல்லாம் நானே. மலேரியாவுக்குப் பயந்து வருஷக்கணக்கில் குயினைன் தின்றதில் இரண்டு காதுகளிலும் வண்டு புகுந்ததுபோல ஓர் இரைச்சல் வந்து, போகாமல் தங்கிவிட்டது. ஐம்பத்தோரு வயதில் இதயத்தைப் பற்றிப் படிக்கக் கப்பலேறி வந்தவனுக்குக் காது சரியில்லை என்றால் யார் சிரிக்கமாட்டார்கள்?

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். முந்தைய வருஷம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை மூச்சுத் திணறலோடு தூக்கிவந்தார்கள். பிரசவமாகிப் பத்து நாள். நெஞ்சில் இழுப்புச் சத்தம். ஆஸ்துமா என்று நினைத்து அதற்குரிய ஊசியைப் போட்டேன். பத்து நிமிஷத்தில் என் கண் முன்னாலேயே போய்விட்டாள். கொழும்பிலிருந்து வந்த ஒரு நண்பர் நான் சொன்ன விவரங்களைக் கேட்டுவிட்டு, "அது ஆஸ்துமா இல்லை, கந்தையா. இதயம். அந்த ஊசியைப் போட்டிருக்கக் கூடாது" என்றார். அதற்குப் பிறகுதான், பெரிய ஆஸ்பத்திரி அருகில் இல்லாத ஊர்களின் டாக்டர்களுக்காக மயிலாப்பூரில் ஒருவர் பன்னிரண்டு நாள் இதய வகுப்பு நடத்துகிறார் என்று ஒரு வைத்தியப் பத்திரிகையில் பார்த்தேன். அன்றைக்கே எழுதிப் போட்டேன்.

விலாசத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்த இடம் மாதா கோயிலுக்குச் சொந்தமான ஒரு நீண்ட ஓட்டுக் கூடம். வாசலில் டிராம் தண்டவாளம். ஒரு பக்கம் காய்கறிச் சந்தை. மறுபக்கம் தகரப் பட்டறை. அவர்கள் அடிக்கிற அடியில் மேஜை மேலிருந்த மருந்துக் குப்பிகள் கிணுகிணுத்தன. இந்தச் சந்தடியிலா இதயத் துடிப்பைக் கேட்கப் போகிறோம் என்று மலைத்தேன்.

என்னோடு படிக்க வந்த இளைஞர் சுந்தரம், ராமநாதபுரத்துப் பக்கம் ஒரு சிற்றூர் டாக்டர், அதை வாய்விட்டே கேட்டுவிட்டார். "டாக்டர், கொஞ்சம் அமைதியான இடமாப் பாத்திருக்கலாமே?"

வகுப்பு நடத்தியவர் டாக்டர் பிலோமினா. சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு முப்பத்து மூன்று வயதுக்கு மேல் இராது. சீமைக்குப் போய் இதய வைத்தியத்தில் தனிப்படிப்புப் படித்துவிட்டு யுத்தத்துக்குச் சற்று முன்னால் திரும்பியவர். வெள்ளைக் கதர்ப் புடவையும் ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரமுமாக இருந்தார். சுந்தரம் சொன்னதைக் கேட்டு அவருக்குக் கோபம் வரவில்லை.

"உங்க ஆஸ்பத்திரியில அமைதியான ரூம் எங்க இருக்கு, சொல்லுங்க."

சுந்தரம் யோசித்தார். "பக்கத்துல மாட்டுச் சந்தை" என்றார் கடைசியில்.

"அப்ப இதுதான் சரியான இடம்" என்றார் டாக்டர் பிலோமினா. அந்தக் கூடத்தை அவர் தேடித்தான் பிடித்தாராம்.

நாங்கள் ஐந்து பேர். முதல் நாள் அவர் பாடம் நடத்தவில்லை. ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்து வாசித்தார். ஜில்லாக்களிலிருந்து சென்னைக்கு நோயாளிகளை அனுப்பும்போது டாக்டர்கள் கொடுத்துவிட்ட கடிதங்கள். ஊரும் பேரும் விட்டுவிட்டு வாசித்தார். 'ஆஸ்துமா.' 'ரத்தசோகை.' 'ஆஸ்துமா.' 'வாயுத் தொந்தரவு.' வந்த நோயாளிகள் எல்லாருக்கும் இதயத்தில் வால்வு சுருங்கியிருந்தது. பலர் ரயிலை விட்டு இறங்கி இரண்டு நாள்கூட உயிரோடு இருக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இதை எழுதினவங்க யாரும் முட்டாள் இல்ல" என்றார் அவர். "அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, அவ்வளவுதான். நோயாளி ரயிலேறி என்கிட்ட வரதுக்குள்ள காரியம் கெட்டுப்போகுது. அதனால நான் தெரிஞ்சுக்கிட்டதை ரயிலேத்தி உங்க ஊருக்கு அனுப்பலாம்னு பாக்கறேன்."

இப்படிப் பேசுகிற ஒரு நிபுணரை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் பக்கத்து நிபுணர்களிடம் ஒரு சந்தேகம் கேட்டால், அவர்கள் வீட்டு நாயை மிதித்துவிட்டதுபோலப் பார்ப்பார்கள்.

*

தங்கியது தியாகராய நகரில், ஜவுளிக்கடை வைத்திருந்த ஆறுமுகம் அண்ணாச்சி வீட்டு மாடியில். திருநெல்வேலிக்காரர். என்னோடு அறையில் நெல்லூர்ப் பக்கத்து டாக்டர் ராகவய்யா. நல்ல பருமன், நல்ல சிரிப்பு, நல்ல பசி. ரேஷன் காலம் அது. அரிசி அளந்துதான் கிடைத்தது. அப்படியும் அண்ணாச்சி வீட்டம்மாள் முதல் நாள் வைத்த புளிக்குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் எனக்கு இன்னும் நாக்கில் இருக்கின்றன. எங்கள் ஊரில் தேங்காய் இல்லாமல் சமையல் இல்லை. இங்கே புளியிலேயே ஒரு ராஜ்ஜியம் நடத்துகிறார்கள்.

மூன்றாம் நாள் அந்த ராஜ்ஜியத்துக்கு ஆபத்து வந்தது. "இன்னையிலிருந்து மூணு நாளைக்கு நீங்க அஞ்சு பேரும் உப்பு இல்லாமச் சாப்பிடணும்" என்று டாக்டர் பிலோமினா உத்தரவு போட்டார். இதயம் பலவீனப்பட்டவர்களுக்கு உப்பு உடம்பில் நீரைக் கட்டிவைத்துவிடும். அதனால் உப்பை விலக்கச் சொல்வோம். சொல்கிறவனுக்கு அது என்னவென்று தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி.

அண்ணாச்சி வீட்டம்மாளிடம் போய்ச் சொன்னோம். அவர் முகம் வாடிவிட்டது. "என் சமையல்ல என்ன குறை கண்டிய? நேத்து நல்லாத்தான சாப்பிட்டிய?" என்று கேட்டார். விளக்கிச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உப்பில்லாத சாம்பார், உப்பில்லாத கீரை, உப்பில்லாத மோர். சோறு வாயில் துணிபோலக் கிடந்தது. ராகவய்யா ஒரு கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டர்காரு, இதைச் சாப்பிடறவன் வியாதியில சாகமாட்டான். துக்கத்துல சாவான்" என்றார்.

மறுநாள் காலை, 'ஒரு நடை போய்வருகிறேன்' என்று அவர் கிளம்பிப்போனார். மயிலாப்பூர்க் குளத்துப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் எட்டு இட்லி சாம்பாரோடு உள்ளே போன விஷயம் எனக்குத் தெரியாது. வகுப்பில்தான் வெளிவந்தது. வெளியிட்டவர் கன்னியம்மா.

கன்னியம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அடையாற்று முகத்துவாரத்துக் குப்பத்தில் மீன் விற்கிற பெண். முப்பது வயது, மூன்று குழந்தைகள். சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, அது இதயத்தின் வால்வைச் சுருக்கிவிட்டது. டாக்டர் பிலோமினாதான் அவருக்கு வைத்தியம் பார்க்கிறார். வகுப்பு நடக்கும் நாட்களில் கன்னியம்மா தினமும் காலையில் வந்து கட்டிலில் படுத்து, நாங்கள் கேட்பதற்காகத் தன் நெஞ்சைக் கொடுப்பார். கூச்சமில்லாமல் இருக்க டாக்டர் பிலோமினா ஒரு வெள்ளைத் துப்பட்டியில் கையகலச் சதுரம் வெட்டி ஓரம் அடித்துவைத்திருந்தார். அந்தச் சதுரத்தின் வழியாகத்தான் ஸ்டெதாஸ்கோப் குழலை வைக்க வேண்டும். நர்ஸ் அருள்மேரி பக்கத்திலேயே நிற்பார்.

கன்னியம்மா வெறுமனே படுத்திருக்கிற நோயாளி இல்லை. பாதி வகுப்பை நடத்தியவரே அவர்தான்.

"அங்க இல்ல நைனா, இன்னும் ரெண்டு வெரலு கீழ. போன தபா வந்த டாக்டருங்களுக்கும் இங்கதான் பேஜாராச்சி. இரு, நான் இடது பக்கம் ஒருக்களிச்சிக்கிறேன். அப்பதான் நல்லாக் கேக்கும்."

அன்றைக்கு ராகவய்யா குனிந்தபோது, கன்னியம்மா மூக்கை உறிஞ்சினார். "அய்யே! தெலுங்கு டாக்டரு சட்டையில சாம்பாரு கீது!"

கூடமே சிரித்தது. ராகவய்யா குற்றத்தை ஒப்புக்கொண்டார். டாக்டர் பிலோமினாவும் சிரித்தார். பிறகு சொன்னார்: "ஒரு நாள்கூட உங்களால முடியல. நீங்க ஊருக்குப் போய் ஒருத்தர்கிட்ட ஆயுசு முழுக்க உப்பு வேண்டாம்னு சொல்லப்போறீங்க. அவர் மீறிட்டு வந்து நிப்பார். அப்ப இந்த இட்லிய நெனச்சுக்குங்க. அவர் மேல கோவம் வராது."

ஒரு நாள் எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், இதயத்தின் மின்னோட்டத்தைப் படமாக எழுதும் எந்திரத்தைக் காட்டினார். ஒரு பீரோ அளவு பெட்டி. கையிலும் காலிலும் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிக் கம்பி மாட்டினார்கள். அந்தத் துணியை ராகவய்யா ஏக்கத்தோடு பார்த்ததை நான் கவனித்தேன். "நல்லாப் பாத்துக்குங்க" என்றார் டாக்டர் பிலோமினா. "ஊருக்குப் போனா இது உங்களுக்குக் கிடைக்காது. அதனால இதுக்கு ஒரு நாள் போதும். கண்ணு, கை, காது, இது மூணும்தான் உங்க எந்திரம்."

காது என்று அவர் சொன்னபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது நாங்கள் ஏறியது கரிவாயுவில் ஓடும் பஸ். முதுகில் ஒரு கொதிகலனைச் சுமந்துகொண்டு புகையைக் கக்கியபடி போனது. மாம்பலம் வருமுன் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. "எல்லாரும் எறங்கு! பொம்பளைங்க குந்து, ஆம்பளைங்க தள்ளு!" என்றார் கண்டக்டர். ஐந்து டாக்டர்களும் தள்ளினோம். நூறு கஜம் தள்ளியதும் சுந்தரம் ராகவய்யாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணி, "நூத்தி நாப்பது. நீங்க உள்ள போய்க் குந்துங்க" என்றார். எங்கள் மலைப்பாதையில் பஸ் நின்றால் தள்ளமாட்டோம். பின்னால் பள்ளம். கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். சமதரையில் தள்ளுவது ஒரு சுகமாகத்தான் இருந்தது.

*

ஆறாம் நாள் நான் பிடிபட்டேன்.

சுருங்கிய வால்வின் வழியாக ரத்தம் போகும்போது ஒரு சத்தம் வரும். மிகத் தாழ்ந்த, உருளுகிற சத்தம். அதைப் பழக்குவதற்கு டாக்டர் பிலோமினா ஒரு வழி வைத்திருந்தார். குழலை நம் உள்ளங்கையில் வைத்துப் புறங்கையை விரலால் தட்டுவார். லப், டப். பிறகு நகத்தால் மெல்ல இழுப்பார். டர்ர்ர். மற்ற நால்வரும் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு லப் கேட்டது, டப் கேட்டது. மூன்றாவது சத்தம் வரவேண்டிய இடத்தில் என் வண்டு இரைந்துகொண்டிருந்தது.

கன்னியம்மாவின் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் குனிந்திருந்தேன். வெளியே ஒரு டிராம் போயிற்று. தகரப் பட்டறையில் அடித்தார்கள்.

"கேட்டுதா டாக்டர் கந்தையா?" என்றார் டாக்டர் பிலோமினா.

"ஓம், கேட்டது" என்றேன் எங்கள் ஊர்ப் பேச்சில்.

கன்னியம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "இன்னா ஓமம்? நீ பொய் சொல்ற நைனா. கேட்டவங்க மூஞ்சி வேற மாதிரி கீது. எத்தினி பேரப் பாத்துட்டேன் நான்."

எனக்கு முகம் சுட்டது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. குழலைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கூடத்துக்குப் பின்னாலிருந்த கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்தேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

சற்று நேரத்தில் டாக்டர் பிலோமினா வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். காதை, குயினைனை, கொழுந்து பறிக்கிற அந்தப் பெண்ணை, நான் போட்ட ஊசியை. "எனக்குக் கேக்கேல்லை டாக்டர். இனியும் கேக்காது. நான் வந்தது பிழை" என்றேன்.

அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "உள்ள வாங்க" என்றார்.

கன்னியம்மா இன்னும் கட்டிலில்தான் இருந்தார். டாக்டர் பிலோமினா அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் எழுந்து கூடத்துக்குள் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்து, இடப் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, துப்பட்டியின் சதுரத்துக்குள் என் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"அசையாத. மூச்சு விட்டுட்டு நிறுத்திக்கிறேன். இப்பப் பாரு."

முதலில் துடிப்பு மட்டும் தட்டியது. பிறகு ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால், உள்ளங்கைக்கு அடியில் ஏதோ நடுங்கியது. மடியில் படுத்த பூனை குர்ரென்று இரையும்போது கையில் படுமே, அப்படி. என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "ஹாங்! இப்ப உனுக்குத் தெரிஞ்சிபோச்சி!" என்று கன்னியம்மா கட்டிலைத் தட்டினார்.

"எல்லாருக்கும் இவ்வளவு நல்லாத் தெரியாது" என்றார் டாக்டர் பிலோமினா. "சில பேருக்குக் கை மட்டும் போதாது. கழுத்து நரம்பைப் பாருங்க, காலை அழுத்திப் பாருங்க, ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுக்கறாங்கன்னு கேளுங்க. எல்லாத்தையும் சேத்து யோசிங்க. காது ஒரு வழி. அது அடைபட்டா வேற வழியா வாங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் வகுப்பு முடிந்தபின் அரை மணி நேரம் அவர் எனக்காக மட்டும் இருந்தார். நோயாளிகள் ஏழெட்டுப் பேரை வரவழைத்து, என் கண்ணைக் கட்டிக் கையால் சொல்ல வைத்தார். என்னைவிட ஏறக்குறைய இருபது வயது குறைந்தவரிடம் பாடம் கேட்கிறோமே என்ற எண்ணம் எனக்கு ஒரு நாளும் வரவில்லை.

*

ஒன்பதாம் நாள் காலை ஒன்பது மணி. டாக்டர் பிலோமினாவைப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமாக அழைத்திருந்தார்கள். நாங்கள் ஐந்து பேரும் நர்ஸ் அருள்மேரியும் மட்டும் கூடத்தில் இருந்தோம். வாசலில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. கட்டுமரக்காரரான ஏழுமலை, தன் மனைவியைக் கைகளில் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். கன்னியம்மாதான். உதடு நீலம். உடம்பெல்லாம் வேர்வை. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வாயோரத்தில் இளஞ்சிவப்பாக நுரை.

"நேத்து மச்சான் வூட்ல விசேசம். காலையில எழுந்தா இப்பிடிக் கீது. அம்மா எங்க? டாக்டரம்மா எங்க?" என்று ஏழுமலை சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

எங்களில் ஒருவர் கன்னியம்மாவைக் கட்டிலில் படுக்கவைக்கப் போனார். "படுக்க வைக்க வேண்டாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் நானே திடுக்கிட்டேன். நாற்காலியில் உட்காரவைத்தோம். கால்களைத் தொங்கவிட்டோம். நுரையீரலில் நீர் நிரம்பிக்கொண்டிருந்தது. படுத்தால் மூழ்கிவிடுவார்.

நர்ஸ் துணியைக் கிழித்துக் கொடுத்தார். இரண்டு தொடைகளிலும் ஒரு கையிலும் கட்டினோம். கை காலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் கொஞ்சம் தடுத்தால் நுரையீரலின் பாரம் குறையும். கால் மணிக்கு ஒரு முறை ஒரு கட்டை அவிழ்த்து, கட்டாமல் விட்ட இடத்தில் கட்ட வேண்டும். நான்காம் நாள் பாடம். ராகவய்யா கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். இட்லி தின்ற அந்த மனிதரா இவர் என்று இருந்தது. 

மிச்சம் இருந்தது, பதற்றத்தை அடக்கி இதயத்தின் பாரத்தைக் குறைக்கும் மார்பியா ஊசி. அலமாரிச் சாவி நர்ஸிடம் இருந்தது. சுந்தரம் என் தோளைப் பிடித்தார்.

"வேண்டாம் டாக்டர். இருக்கிற மூச்சே இவ்வளவுதான். மார்பியா அதையும் அடக்கிடும். அம்மா வரட்டும்."

அவர் பயம் நியாயமானது. ஆஸ்துமாவாக இருந்தால் அந்த ஊசி ஆளைக் கொன்றுவிடும். நான் ஒரு முறை பெயரைத் தப்பாக வைத்து ஊசியைத் தப்பாகப் போட்டவன். என் கை ஊசிக்குப் போகவே மறுத்தது. கன்னியம்மா பேச முடியாமல் என்னைப் பார்த்தார். அந்தக் கண்களில் இருந்த பயத்தை நான் முன்பே ஒரு முகத்தில் பார்த்திருந்தேன்.

உள்ளங்கையை அவர் நெஞ்சில் வைத்தேன். அடங்காத ஓட்டம். அந்த நடுக்கம் எங்கே என்று தேடக்கூட இடைவெளி இல்லை. ஆனால் இந்த இதயத்தை எனக்குத் தெரியும். இது ஆஸ்துமா இல்லை.

"சாவியைத் தாங்கோ சிஸ்டர்" என்றேன்.

ஊசியைப் போட்டேன். பிறகு நாற்காலிக்கு முன்னால் முழங்காலிட்டு, கையை அவர் நெஞ்சிலிருந்து எடுக்காமல் இருந்தேன். ஐந்து நிமிஷம் ஒன்றும் மாறவில்லை. சுந்தரம் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். ஏழுமலை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து நிமிஷத்தில் கண்களில் இருந்த வெறி கொஞ்சம் அடங்கியது. "கட்டு மாத்தணும்" என்றார் ராகவய்யா. மாற்றினோம். நீரை இறக்கும் ஊசியையும் போட்டோம். அரை மணி கழித்து, என் கைக்கு அடியில் துடிப்புகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிய ஆரம்பித்தன. நுரை நின்றது. சுந்தரம், "முப்பத்தாறு... முப்பது" என்று மூச்சின் கணக்கைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மதியம் டாக்டர் பிலோமினா ஓடிவந்தார். கன்னியம்மா நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். உதடுகளில் நிறம் திரும்பியிருந்தது. டாக்டர் பிலோமினா குழலை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"மார்பியா போட்டது யாரு?"

"நான்தான்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். குனிந்து வலது தொடைக் கட்டை அவிழ்த்தார். "இதை ரெண்டு நிமிஷம் முன்னாடியே அவுத்திருக்கணும்" என்றார். பிறகு எங்கள் ஐந்து பேருக்கும் காப்பி வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்தின் மறுகோடிக்குப் போனார். அவர் அழுதாரா என்று தெரியாது. நாங்கள் அழுதோம். ராகவய்யா எல்லாரையும்விட உரக்க.

*

கன்னியம்மா இரண்டு நாள் கூடத்திலேயே இருந்தார். "ஒரு துண்டு கருவாடுதான் நைனா. மனசு கேக்கல" என்று என்னிடம் மட்டும் ஒப்புக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை.

கடைசி நாள் பரீட்சை எதுவும் இல்லை. ஆளுக்கு ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போய், வியாதியைப் பற்றி அவர்களுக்குப் புரியும்படி சொல்லிவிட்டு வர வேண்டும். அதுதான் பரீட்சை. எனக்குக் கன்னியம்மாவின் வீடு.

அடையாறு வரை பஸ் ஒழுங்காக ஓடியது. பாலத்தில் உப்புக் காற்று அடித்தது. சவுக்குத் தோப்புக்கு அப்பால், மணலில் பத்திருபது குடிசைகள். வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. கன்னியம்மா வாசலில் ஒரு பலகைமேல் உட்கார்ந்திருந்தார். ஏழுமலை கடலிலிருந்து அப்போதுதான் வந்து, கூடையில் மீனைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"சிலோன் டாக்டரு! வா, குந்து" என்றார் கன்னியம்மா. நான் மணலில் உட்கார்ந்தேன். அவர் நேராக விஷயத்துக்கு வந்தார். "இன்னும் எத்தினி நாளு? நெசத்தச் சொல்லு."

இந்தக் கேள்வியைத் தோட்டத்தில் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 'கடவுள் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். எனக்கும் தெரியாது என்பதை மறைக்க அது வசதியான பதில்.

இந்த முறை எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வால்வு ஒரு வாசல் என்றும் அது சுருங்கிப்போயிற்று என்றும் மணலில் கோடு போட்டுக் காட்டினேன். "அறுத்துச் சரிபண்ண முடியாதா?" என்று ஏழுமலை கேட்டார். சீமையில் எங்கோ முயன்று பார்த்திருக்கிறார்கள், இங்கே இன்னும் இல்லை என்றேன். மாத்திரையைத் தவறாமல் போட்டு, உப்பையும் கருவாட்டையும் விட்டு, இன்னொரு பிள்ளை பெறாமல், பாரம் சுமக்காமல் இருந்தால் பல வருஷம் இருக்கலாம். பிள்ளைகள் வளர்ந்து ஆளாவதைப் பார்க்கலாம். முன்போலவே கூடை சுமந்து தெருத்தெருவாக நடந்தால் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம்.

கன்னியம்மா அசையாமல் கேட்டார். கடைசியில் தலையை மட்டும் ஆட்டினார். "உப்ப விட்டுடறேன். ஆனா மீன யாரு விக்கிறது? எங்க குப்பத்துல ஆம்பள கடலுக்குப் போவான். கூடை தூக்கமாட்டான்."

 பக்கத்துக் குடிசைகளில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஏழுமலை கூடையைப் பார்த்தார். பிறகு மனைவிக்கு முன்னால் போய்க் குந்தித் தலையைக் குனிந்தார். கன்னியம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், மடியில் கிடந்த பழந்துணியை எடுத்துச் சும்மாடாகச் சுருட்டி அவர் தலையில் வைத்தார். நானும் ஒரு கை கொடுக்க, கூடை ஏறியது. "எப்பிடிக் கூவுறதுன்னு தெரியுமா உனுக்கு?" என்று கன்னியம்மா கேட்டார். ஏழுமலை கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டினார். வலை பின்னுகிறவர்களில் ஒருவன் சீட்டி அடித்தான். அதை அவர் கண்டுகொள்ளவில்லை.

என் வழியும் அதுவே என்பதால் நான் பின்னால் நடந்தேன். கூடை ஆடியது. மீன் தண்ணீர் அவர் காதோரம் வழிந்தது. தெருவுக்குள் நுழைந்ததும் ஒரு முறை தொண்டையைச் செருமினார். குரல் வரவில்லை. இரண்டாம் முறை கடலில் கூப்பிடுகிற மாதிரி, "மீனேய்!" என்று கத்தினார். நாய்கள் குரைத்தன. ஒரு வீட்டுக் கதவு திறந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா, நீ வர்ற? கன்னியம்மா எங்க?"

கூடை இருந்ததால் ஏழுமலையால் தலையைத் திருப்ப முடியவில்லை. நேராகப் பார்த்தபடியே சொன்னார்.

"வூட்ல குந்திக்கினு கீது. டாக்டரு குந்தச் சொல்லிக்கீறாரு. இனிமே நான்தான். மீனு வேணுமா, வேணாமா?"

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே போய் முறத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.